அளவு சொல்லாத ஜெபம்

குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு துண்டுக் கடை உண்டு. துண்டு, லுங்கி, நைட்டி என்று, மாற்றுத்துணி எடுத்துவராமல் குளிக்கக் கிளம்பி வருகிற மகராசர்களுக்கு வேண்டிய சகலமும் வைத்திருக்கிறேன். பக்கத்தில் பஜ்ஜிக் கடை. அதை நடத்துகிறவள் இலஞ்சிக்காரி, என்னைவிட இளையவள். வருஷக்கணக்காகப் பீடி சுற்றி முதுகு ஒடிந்து, இனிமேல் மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்து அடுப்பு வைத்தவள். இந்தச் சீசன் அமைந்தால் கடை, இல்லாவிட்டால் பழையபடி பீடிதான் என்று அவள் புருஷன் தீர்த்துச் சொல்லிவிட்டான்.

அந்த வருஷம் பார்த்துச் சாரல் ஏமாற்றியது. அருவியில் வெறும் பாறை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அவள் சும்மா இருக்கவில்லை. இலஞ்சி குமாரருக்குப் பால்குடம் நேர்ந்தாள், கீழப்பாவூர் நரசிம்மருக்குப் பானகம் நேர்ந்தாள், தர்காவுக்குச் சர்க்கரை என்று வேண்டிக்கொண்டாள். பாக்கி இருந்தது எங்கள் ஆள்தான். நான் கிறிஸ்தவள். ஆகவே என்னிடம் வந்து, உங்க சாமிக்கு என்ன நேரணும் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

"எக்கா, ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுதவங்கள நான் நம்புததே இல்ல. கடைசில பெருசா கேப்பாங்க."

விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதென்றால் எனக்கு உயிர். ஆனால் ஒரு ஜென்மமும் கேட்டதில்லை. கேட்க ஒருத்தி வாய்த்தாளே என்று ஆதியிலிருந்து ஆரம்பித்தேன். நான் ஏதேன் தோட்டத்துக்குள் நுழைவதற்குள் அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். எண்ணெய் காயுது, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். சரி போ என்று, அவர் அப்பா மாதிரி, பிள்ளை கேட்கலாம், அவ்வளவுதான் என்றேன். அப்படியென்றால் பிள்ளை நீங்கள்தானே, நீங்களே கேளுங்கள் என்றாள்.

கேட்டேன். இரண்டு கடைக்கும் நடுவில் நின்றுகொண்டு கண்ணை மூடினேன். சர்ச்சில் பழகின வாய்க்குச் சின்னதாகக் கேட்கத் தெரியுமா? ஆண்டவரே, மலை கொள்ளாதபடி ஊற்றும், பொங்கி வழியப் பண்ணும் என்று உருகிவிட்டேன். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் பக்தியாக அரோகரா என்றாள்.

மறுநாள் பிடித்தது மழை. விட்டேனா பார் என்று பெய்தது. அருவித் தண்ணீர், குளிக்கிற இடத்துக்கு மேலே கட்டியிருக்கிற ஆர்ச்சைத் தாண்டி வந்து விழுந்தது. ஆர்ச்சைத் தாண்டிவிட்டால் குளிக்க விடமாட்டார்கள். போலீஸ்காரர் கயிற்றைக் கட்டி விசிலை ஊதினார். வந்த கூட்டம் தூர நின்று செல்பி எடுத்துவிட்டு, காய்ந்த தலையோடு வேன் ஏறியது. நனையாதவனுக்குத் துண்டு எதற்கு? குளிக்காதவனுக்கு அந்தப் பசிதான் எங்கிருந்து வரும்?

அவள் ஜல்லிக்கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"குமாரர்கிட்ட நான் அளவு சொல்லித்தான் கேட்டேன், ஆர்ச்சுக்குள்ள விழுந்தா போதும்னு. நீங்கதான் மலை கொள்ளாம கேட்டிய. இப்பம் குறைக்கச் சொல்லுங்க."

எனக்கு வந்ததே கோபம். ஆண்டவர் என்ன குழாயா, திருகி மூட? அவருக்குப் பஜ்ஜி மட்டுமா கணக்கு, வயலுக்கும் குளத்துக்கும் தண்ணீர் வேண்டாமா என்று அரைமணி நேரம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, கரண்ட் ஆபீசில் பேசுகிற மாதிரியே பேசுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மழை விடவில்லை. ஒருநாள் அவள் புருஷன் வந்து, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் சிலிண்டரைத் தூக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் அணைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசே ஆறவில்லை. நான் அளவில்லாமல் கேட்டதால்தானே இவ்வளவும்.

"ஏட்டி, நீயே அவருகிட்ட கேளு" என்றேன்.

என்னை அவருக்குத் தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். பொட்டை அழிக்கணுமா? வேண்டாம். செருப்பு? கிடக்கட்டும். எந்தப் பக்கம் பார்க்கணும்? எந்தப் பக்கமும் பார்க்கலாம். நம்பாமல்தான் எழுந்தாள். அருவி இரைந்துகொண்டிருந்த பக்கமாகத் திரும்பி, கண்ணைத் திறந்தபடியே, பக்கத்துக் கடைக்காரரிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"ஐயா, இந்த அக்காவ ஒண்ணும் சொல்லாதிய. எனக்காவத்தான் அப்படிக் கேட்டாவ. அவியளுக்கும் ஒரு துண்டு விக்கல. மத்தியானம் வெறும் சோத்து டப்பாவத் திறந்து திறந்து மூடுதாவ, நான் பாக்கலன்னு நினைச்சுக்கிட்டு."

அந்த டப்பா விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் பொங்கி வழியக் கேட்கிற வாய், தனக்கு ஒரு பிடி சோறு கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்தது. அழுகையை மறைக்க அவளைத்தான் ஏசினேன். கூறுகெட்டவளே, தண்ணீரைக் குறைக்கச் சொல்ல மறந்துவிட்டாயே என்றேன்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "அப்பான்னுதான சொன்னிய, அதுகூடத் தெரியாதா அவருக்கு?" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனாள்.

சனிக்கிழமை காலையில் தண்ணீர் ஆர்ச்சுக்குள் அடங்கியது. போலீஸ்காரர் கயிற்றை அவிழ்த்தார். தள்ளுமுள்ளாகக் கூட்டம். அவள் கடையில் எண்ணெய்ச் சட்டி இறங்கவே இல்லை, சிலிண்டரைத் தூக்கிவிடுவேன் என்ற புருஷன் மாவு கரைத்துக்கொண்டு நின்றான். தண்ணீரைக் குறைத்தது குமாரரா, நரசிம்மரா, யார் என்று அவள் ஆராயவில்லை. அடுத்த வாரம் பால்குடம், பானகம், சர்க்கரை என்று அவரவர்க்கு உள்ளதைச் செலுத்திவிட்டு வந்தாள்.

மறுநாள் மத்தியானம் கூட்டம் ஓய்ந்தபோது பழக்கதோஷத்தில் என் டப்பாவைத் திறந்தேன். உள்ளே மூடி மூடமுடியாத அளவுக்கு மிளகாய் பஜ்ஜி. திரும்பிப் பார்த்தேன். அவள் ஜல்லிக்கரண்டியால் எண்ணெயை வடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவருக்குத்தான் ஒண்ணும் வேண்டாம்னுட்டியளே. பெறகு நான் எங்கன கொண்டுபோய்ச் செலுத்த?"