சிலிண்டருக்குப் பின்னால் சீறியது

கொளஞ்சிநாதனுக்குப் பாம்பில் நல்லது கெட்டது கிடையாது. நெளிந்தால் பாம்பு, பாம்பென்றால் அடி. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறையில் சூளை எரிப்பவர். சூளையாவது அணைத்தால் ஆறும், மனுஷன் ஆறமாட்டார். போன மாதம்கூட, வைக்கோலில் சிவனே என்று படுத்திருந்த இரண்டு சாரைகளைத் தலை நசுங்க அடித்துப் போட்டார். பட்டறையே கைதட்டியது. சாரை ஒழிந்ததும் எலிகளுக்குக் கொண்டாட்டம். பொம்மை கட்டுகிற வைக்கோல் முழுக்கக் குட்டி போட்டன. எலி இருக்கும் இடத்துக்கு இன்னொரு பாம்பு தேடி வருமே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஆனி மாதத்துக் காலை. கேஸ் திறக்கப் போனவருக்கு, சிலிண்டர்களுக்குப் பின்னாலிருந்து 'உஸ்ஸ்' என்று விடாத சத்தம் கேட்டது. கேஸ் சூளையோடு குடும்பம் நடத்திய காது, வேறெதையும் நினைக்கவில்லை.

பக்கத்தில் பொம்மைகளை வைக்கோலில் சுற்றிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார். "துர்கா, டியூப்பு லீக்காவுது. பின்னாடி கைய வுட்டு வால்வ மூடு."

கையை விட்டவள் அலறினாள். விரலில் ரத்தம் பொட்டுப் பொட்டாக நின்றது. வைக்கோலுக்குள்ளிருந்து தடித்த உடம்பொன்று நகர்ந்தது.

கொளஞ்சிநாதன் இரும்புக் கம்பியைத் தூக்கினார்.

மண் பிசையும் பழமலை ஓடிவந்து எட்டிப் பார்த்தான். "மலைப்பாம்புக் குட்டிண்ணே. வெசம் கெடையாது."

விஷமில்லை என்றால் அவசரமில்லை; அது போதும் அவருக்கு. ஓங்கி ஓங்கி அடித்தார். முதுகெலும்பு முறிந்த பிறகும் அது சீறியது. சீறச் சீற வெறி ஏறியது.

"கை தீயா எரியுதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்," என்றாள் துர்கா.

"இரு, இத முடிச்சிட்டு வரேன்."

அடுத்த அடியில் வயிறு கிழிந்தது. உள்ளேயிருந்து ரத்தத்தோடு குட்டிகள் உயிரோடு நெளிந்து வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் சங்கிலி கோத்த மாதிரி வட்டங்கள்.

பழமலை துள்ளிப் பின்வாங்கினான். "மலைப்பாம்பு முட்டைதான இடும், குட்டி போடாதே... அண்ணே, இது கண்ணாடி விரியன்!"

அப்போதாவது ஓடியிருக்க வேண்டாமா, பாழும் மனுஷன்? குட்டிகளையும் துரத்தித் துரத்தி நசுக்கினார். துர்கா வாயைத் துடைத்தாள். புறங்கையெல்லாம் ரத்தம். ஈறு கசிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கம்பி கீழே விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்து, பொறுத்திருந்து சாய்த்துப் பார்த்தார்கள். உறையவில்லை, தண்ணீராய் ஓடியது. கொளஞ்சிநாதன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். விஷமுறிவு மருந்து பாட்டில் பாட்டிலாக ஏறியது. மறுநாள் ரத்தம் உறைந்தது, உயிர் தங்கியது. கறுத்து அழுகிய விரலை மட்டும் பின்னால் வெட்டியெடுத்தார்கள்.

கட்டு மாற்றும்போது டாக்டரம்மா கேட்டார்: "கடிச்சதும் ஏம்மா வரல? பஸ்ஸு கெடைக்கலயா?"

கொளஞ்சிநாதன் வாயைத் திறந்தார். அதற்குள் துர்கா சொன்னாள், கோபமே இல்லாமல்:

"இவுரு அடிச்சு முடிக்கட்டும்னு நின்னுட்டிருந்தேங்க."