அரணைக்கு நான் எழுதிய ஊர்

ஒரு சாண் நீள அரணைக்கு அதன் சொந்த ஊரையே குத்துமதிப்பாக எழுதிக் கொடுத்தவன் நான். தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் பேனாவை எடுக்கும்போதே எனக்குத் தெரியும்.

என் மனைவியின் அக்கா மகள், மண்ணுக்குள் வாழும் அரணைகளை வகை பிரித்து ஆராய்ச்சி செய்கிறாள். நாகல் நகரில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். அந்த அரணைகள் பார்வைக்குப் பாம்புக்குட்டி மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் அரிசி முனை அளவுக்கு நாலு கால் ஒட்டியிருக்கும். அவள் லென்ஸ் வைத்துச் செதில் வரிசையை எண்ணுவாள், காலை அளப்பாள். இமை மூடித் திறந்தால் அது பாம்பில்லை என்று எனக்குச் சொன்னாள். "இதுக்கு முன்னால பாம்புன்னு நெனச்சு எதையாச்சும் அடிச்சிருக்கீங்களா சித்தப்பா?" என்றாள். நான் காபி கேட்டேன்.

எண்ணி முடித்ததும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவாள். அதனால் அரணை வரும் டப்பாவோடு ஊர், தோட்டம், மண் எழுதிய சீட்டு வேண்டும். "சீட்டு இல்லாட்டி எனக்கு அது ஒண்ணுத்துக்கும் ஆகாது" என்பாள். தோட்டக்காரர்களை எனக்குப் பழக்கம் என்று பீற்றிக்கொண்டு, வாங்கி வரும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். ஏழெட்டு கொண்டுவந்தும் கொடுத்திருந்தேன்.

அன்றைக்குக் காலையில் மலையடிவாரத்து அய்யலூரில் ஒருவர் எருக்குழியில் அகப்பட்டதைக் கொடுத்தார். "ஏண்ணே, சந்தைக்கு வந்த அம்புட்டுப் பேரும் ஆடு வாங்கிட்டுப் போறான். நீங்க இதுக்கு அலையுறீங்களே!" மதியம் ரெட்டியார்சத்திரத்துத் தென்னந்தோப்பில் இன்னொன்று. ஒரே மாதிரி இரண்டு ஐஸ்கிரீம் டப்பா. எழுதிய சீட்டுகளை அப்புறம் ஒட்டலாம் என்று சட்டைப்பையில் வைத்தேன். மறுநாள் காலை சட்டை வாஷிங் மெஷினிலிருந்து வந்தது. சீட்டு கூழாகியிருந்தது; எந்த டப்பா எந்த ஊர் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

அவள் டப்பாக்களைக் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கால் குட்டையானது ரெட்டியார்சத்திரமாக இருக்கும் என்று பட்டது. பட்டதை நல்ல கையெழுத்தில் எழுதி ஒட்டினேன்.

"சித்தப்பா! இந்தக் குட்டைக்கால் வகை மலையடிவாரத்துலதான் இருக்கும்னு நெனச்சேன். இது எப்புடி தென்னந்தோப்புல?" அவள் முகம் மலர்ந்திருந்ததைப் பார்த்து, "அதானே!" என்று நானும் சேர்ந்து ஆச்சரியப்பட்டேன். அன்று சாயங்காலமே சீட்டில் இருந்தபடி இரண்டையும் கொண்டுபோய் விட்டோம். எந்த மண்ணில் எது போய் இறங்கியதோ.

இன்னொன்று கிடைத்தால்தான் உறுதி என்று அடுத்த நாளிலிருந்து அந்தத் தோப்பில் தோண்ட ஆரம்பித்தாள். எட்டு நாள். தோப்புக்காரர், "ஏத்தா, தேங்கா கீங்கா விழுந்துறப் போகுது, செத்த தள்ளி நில்லு" என்று காவலுக்கு நின்றார். நான் பிளாஸ்கில் டீ கொண்டுபோவேன். "ஒன் அரணை சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கும்" என்பேன். நகக்கண்ணெல்லாம் மண்ணோடு சிரிப்பாள். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

ஒன்பதாம் நாள், "எங்க கைடு மேடம்கிட்ட சொல்லிட்டேன். இன்னும் ஒரு மாசம் இங்கயே தேடப் போறேன்" என்றாள்.

குழி ஓரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன், சட்டைப்பைக் கதைக்கு மேல் வேடிக்கை ஓடவில்லை. அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்தாள். அந்த இரண்டு அரணைகளைப் பற்றிய குறிப்பையும் கோடு போட்டு அடித்தாள். அத்தோடு நிற்கவில்லை. முந்தைய பக்கங்களையும் புரட்டிக்கொண்டே போனாள்.

"நான் எழுதுனது சரியாக்கூட இருக்கலாம்லத்தா?" என்றேன்.

"இருக்கலாம். தெரியலன்னு எழுதியிருந்தா ரெண்டோட போயிருக்கும் சித்தப்பா. இப்ப நீங்க கொண்டாந்த எதையுமே என்னால நம்ப முடியாது."