கயிறு பிடிக்க மறுத்த நாள்

கயிற்றுக்காரர் தன் ஆயுளில் பாதியை ஓர் ஓட்டையின் முன்னால் நின்றே கழித்தவர். சிரிக்காதீர்கள், நிஜம்தான். எண்ணெய் ஆலையின் பெரிய பெரிய தொட்டிகளைக் காலி செய்தபின் அடியில் தார் மாதிரி கசடு தங்கும். அதை வாரி எடுக்க, பக்கவாட்டில் இருக்கும் வட்ட ஓட்டை வழியாக ஓர் ஆள் உள்ளே போக வேண்டும். உள்ளே நிற்கும் எண்ணெய் ஆவியோ ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும்.

உள்ளே போகிறவன் அவர் மனைவியின் தம்பி. ஆள் ஒல்லி, அதனால் ஆலை முழுக்க அவனுக்கு 'ஊசி' என்றே பெயர். அந்த ஓட்டைக்கு ஏற்ற உடம்பு அங்கே அவன் ஒருவனுக்குத்தான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை வெளியே இவர் கையில் இருக்கும். இருவருக்கும் நடுவில் ஒரே சட்டம்: உள்ளே இருப்பவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. இழு.

ஊசிக்கு இப்படி ஒரு சட்டம் போட்டால் கேட்கவா வேண்டும்! மேஸ்திரியின் தொப்பையிலிருந்து தன் மாமியாரின் மூக்கு வரை ஒன்றையும் விடமாட்டான். இவர் மகளுக்கு வரன் பேசியதுகூட அந்த ஓட்டை வழியாகத்தான்.

"பையன் எப்படி மாப்ளே?"

"முகம் சுமார்தான் மாமா, குணம் தங்கம். உங்களுக்கு எவ்வளவோ தேவலை!"

ஒருமுறை தும்மல் வந்து அவன் பேச்சு நின்றுபோனது. இவர் தரதரவென்று இழுத்து வெளியே போட்டுவிட்டார். முழங்கை சிராய்த்துக்கொண்ட ஊசி, "இனிமே தும்முறதுக்கும் உங்ககிட்ட லீவு கேக்கணுமா?" என்று கத்தினான். அடடா, என்ன நாட்கள்! நாற்றமும் வேர்வையும்தான். ஆனால் இன்று யாராவது அந்த நாட்களைத் திருப்பிக் கொடுத்தால் கயிற்றுக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.

அந்த ஆவியே கடைசியில் ஊசியின் நெஞ்சைக் கெடுத்தது. மாடிப்படி ஏறினாலே இளைத்தான். இன்னொரு தடவை தொட்டிக்குள் போனால் ஆள் தங்காது என்று மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "டாக்டருங்கன்னா பயமுறுத்தத்தான் செய்வாங்க" என்று அவன் அதைக் காற்றில் விட்டான். அக்காக்காரி விடவில்லை. "என் தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் உங்க முகத்துல முழிக்க மாட்டேன்" என்று புருஷனிடம் கறாராகச் சொன்னாள்.

கடவுள் புண்ணியத்தில் அந்தச் சமயம் பார்த்து ஆலைக்கு ஒரு ரோபோ வந்தது. நண்டு மாதிரி தட்டை, காலை மடக்கினால் அந்த ஓட்டைக்குள் நுழைந்துவிடும். தொட்டிக்குள் தானே வழி பார்த்துப் போய், தானே கசடை வாரும். அதன் பின்னால் நீளும் கேபிளை விட்டுக்கொடுக்கும் வேலை கயிற்றுக்காரருக்கு. கூட வந்த பொறியாளர் பெண் படித்துப் படித்துச் சொன்னாள்: "ஐயா, அது நடுவுல நின்னு யோசிக்கும். அப்ப கேபிளைத் தொட்டுடாதீங்க." இவரும், "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினார்.

ரோபோ கரகரவென்று நன்றாகத்தான் வாரியது. திடீரென்று சத்தம் நின்றது. அவ்வளவுதான், புத்தி விழிப்பதற்குள் கை இழுத்துவிட்டது! கேபிள் பிய்த்துக்கொண்டு வந்தது. ரோபோ உள்ளே கவிழ்ந்தது. கொக்கி போட்டுத்தான் வெளியே எடுத்தார்கள்.

"என்னய்யா பண்ணிட்டீங்க!" அந்தப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சத்தம் நின்னுபோச்சேம்மா" என்றார்.

ரோபோவைச் சரிசெய்யச் சில வாரம் ஆகும் என்று தெரிந்ததும் மேலாளர், "அதுவரைக்கும் தொட்டியைச் சும்மா போட முடியாது. பழையபடி ஆளை அனுப்புங்க" என்றார். ஊசிக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா மாமா, நண்டு கவுந்துடுச்சு, ஊசிதான் நிக்குது!" என்று கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையை நீட்டினான். வேறு எவர் கயிற்றிலும் அவன் உள்ளே போகமாட்டான் என்பது ஆலைக்கே தெரியும்.

தன் கை செய்த கோளாறுதான் அவனை மறுபடி இந்த ஓட்டைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறது என்பது கயிற்றுக்காரருக்குப் புரிந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பிடிங்க மாமா."

"மாட்டேன்."

"விளையாடாதீங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். உன் கயித்தை இனிமே நான் தொட மாட்டேன் மாப்ளே. இன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல."

ஊசியின் முகம் சுண்டிப்போனது. "உங்க கையிலதான உசிரைக் குடுத்து வெச்சிருந்தேன். நாலு பேர் முன்னால என்னை வேண்டாத ஆளாக்கிட்டீங்களே" என்றான். கயிற்றை அவிழ்த்து அவர் காலடியில் எறிந்துவிட்டுப் போனான். மேலாளர் குதியோ குதி என்று குதித்தார். என்ன குதித்து என்ன, ரோபோ சரியாகி வரும்வரை தொட்டி அப்படியே கிடந்தது. பிறகு எல்லாத் தொட்டிக்கும் அதுவே போனது.

ஊசி அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். வாசலில் இவர் தலை தெரிந்தால் எழுந்து உள்ளே போய்விடுவான். வருஷங்கள் ஓடின. இருவரும் வேலையை விட்டு வீட்டோடு ஆனார்கள். அப்போதும் அவன் அசையவில்லை. வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்கும்போதுகூட இவருக்கு அந்த நினைப்பு வந்துவிடும்.

போன வாரம் மனைவியோடு மச்சினன் வீட்டுக்குப் போனார். தலை வெளுத்துப்போன ஊசி நாற்காலியில் இருந்தான். எழுந்து போகத் தெம்பில்லையோ என்னவோ, அன்றைக்கு அவன் எழவில்லை. அக்காவைப் பார்த்தே ஆரம்பித்தான்: "உன் புருஷன் மாதிரி ஒரு துரோகியை நான் பாத்ததே இல்லக்கா. நன்றி கெட்ட மனுஷன்! நெஞ்சுல ஈரம் இருக்கா அந்தாளுக்கு?" இருமினான், தண்ணீர் குடித்தான், மறுபடி பிடித்துக்கொண்டான்.

மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. "எழுந்திருங்க, போகலாம். இதையெல்லாம் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும்னு உங்களுக்கு என்ன தலையெழுத்தா?"

கயிற்றுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீ சும்மா இரு. திட்டட்டும். திட்டுறதுக்கு அவன் இருக்கானே!"