கறுத்த மண்ணில் வெள்ளை நூல்

இரண்டு வருடங்களுக்கு முன், கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்வளவில் நடந்தது இது. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த மழைக்காலத்தில் என் மகள் டெங்கு வந்து பிழைத்ததே பெரிய காரியம். அதன்பிறகு நுளம்பு என்றாலே எனக்கு வெறி. தண்ணீர் தேங்கும் இடத்தில் கழிவு ஒயில் ஊற்றுவது எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு வழக்கம்தான். நான் கராஜில் கான் கானாக வாங்கிவந்து பின்வளவுப் பள்ளத்தில் கொட்டினேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு.

அந்த வளவு பக்கத்து வீட்டுக்கும் பொது. அங்கே இருப்பவர் மலையகத்திலிருந்து வந்த ஒரு பெண். பின்னறையில் காளான் வளர்த்துக் கடைகளுக்குக் கொடுப்பார். பள்ளத்தோரம் அவர் நட்ட கறிவேப்பிலை மரத்தில்தான் ஒழுங்கையே இலை பறிக்கும். அது மஞ்சளாகி, இலை கொட்டி, மொட்டையாகிப் போனது. காரணம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கிண்டிப் பார்த்தபோது மண் கறுத்து ஒயில் நாறியது; யார் வேலை என்று என்னிடம் கேட்டார்.

“ஓம், நான்தான் ஊத்தினனான்” என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

திட்டு விழும் என்று நின்றேன். “எவ்வளவு ஊத்துனீங்கண்ணே?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஒரு வாளியில் அந்த மண்ணை அள்ளி, காளான் பறித்து முடிந்த பைகளின் மரத்தூளைக் கலந்து என் வாசலில் வைத்தார். மரத்தையே தின்னுகிற காளான் ஒயிலையும் தின்னும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்களாம். தினமும் தண்ணீர் தெளிப்பது என் வேலை. இவவுக்கு விசரோ என்றுதான் நினைத்தேன். சில கிழமைகளில் வாளி முழுக்கக் காளானின் வெள்ளை நூல் ஓடியிருந்தது, நாற்றமும் குறைந்திருந்தது. பிறகு பள்ளத்தையே கொத்தி, மரத்தூளைக் கொட்டிக் கலந்து மேடாக்கினோம்.

ஒருநாள் சுகாதாரப் பரிசோதகர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, மேடெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் கண்டு, குற்றம் பிடிப்பாரோ என்று பதறிப்போய், குளோரின் போத்தலோடு ஓடினேன். “ஐயோ அண்ணே, ஊத்திடாதீங்க! அதுதான் வேலை செய்யுது!” என்று ஈரக்கையோடு ஓடிவந்து போத்தலைப் பிடுங்கினார். எனக்குப் பட்டும் புத்தி வரவில்லை பாருங்கள்!

பிறகு அதில் காளான் முளைத்தது. ஒயில் குடித்து வளர்ந்தது, வாயில் வைக்கக் கூடாது என்று ஒன்றுவிடாமல் பிடுங்கிப் பையில் கட்டி எறிந்தார். பள்ளம் தூர்ந்துபோனதால் அங்கே தண்ணீரும் தேங்கவில்லை, நுளம்பும் இல்லை. முதலிலேயே நான் செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான்.

பழைய மரம் பிழைக்கவில்லை. ஆனால் அடுத்த மழைக்கு அதன் வேரிலிருந்து ஒரு சாண் உயரத்தில் துளிர் வந்தது. காட்டுவதற்கு என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மண் முழுதும் தெளியட்டும் என்று அந்தத் துளிரில் இன்னும் யாரும் இலை பறிப்பதில்லை. அவர் சந்தையில் வாங்கும் கறிவேப்பிலையில் ஒரு கொத்து இப்போதும் எங்கள் வாசலுக்கு வருகிறது. அதைக் கையில் வாங்கும்போதெல்லாம், என்னைக் கோபித்துத் தள்ளிவைக்காமல், கெடுத்த மண்ணுக்கு என் கையாலேயே தண்ணீர் தெளிக்க வைத்த அந்த மனசு எனக்கு வருமா என்று கேட்டுக்கொள்கிறேன்.