வரிசையில் அடுத்து இருந்த அத்தை

அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வேண்டிய உறவுகளைக் கம்ப்யூட்டரில் பட்டியல் போடுகிறேன் என்று நானாகத்தான் வாயைக் கொடுத்தேன். அப்போது எட்டாவது. பள்ளிக்கூடத்தில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊர் பாகூரிலேயே எனக்கு மட்டும்தான் அது தெரியும் என்று நினைப்பு.

அப்பா சொல்லச் சொல்ல அக்காவின் லேப்டாப்பில் பெயர்களை அடித்தேன். முடிந்ததும், "கரியமாணிக்கம் பெரியப்பா, அரியாங்குப்பம் அத்தை, ரெண்டு பேரையும் எடுத்துடு" என்றார். பாகப்பிரிவினையில் அவருடைய அண்ணனும் தங்கையும் ஒரு பக்கம் நின்றதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. பக்கத்தில் கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா நிமிரவேயில்லை.

கையால் அழித்திருக்கலாம். அதில் என்ன பெருமை? இருவருக்கும் 'வேண்டாம்' என்று குறி போட்டு, பட்டியலை வரிசையாகப் பார்த்து அந்தக் குறி உள்ள பெயரை நீக்கும்படி நாலு வரி எழுதினேன். பெரியப்பா போனார். அவருக்கு அடுத்து இருந்த அத்தை போகவில்லை. எழுத்துப் பிழையும் இல்லை. அத்தையை முன்னால் மாற்றிப் பார்த்தேன்; அத்தை போனாள், பெரியப்பா வந்து உட்கார்ந்துகொண்டார். பழையபடி மாற்றினேன். மறுபடி அத்தை. ஒரே கட்டளை ஒருவரிடம் செல்லுகிறது, இன்னொருவரிடம் செல்லவில்லை. அழுகை வந்தது.

திரையில் நின்ற பெயர்களைத் தாளில் எழுதி, விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பார்த்தாள்.

"இரும்மா, ஒரு பேரு தப்பா நிக்குது."

"பஸ்சு வந்துடும். குடுடி" என்று தாளை வாங்கிக்கொண்டு பத்திரிகை வைக்கப் போய்விட்டாள்.

கல்யாணத்தன்று காலை, மண்டப வாசலில் அத்தை வந்து இறங்கினாள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"இன்னாடி, எடுக்கச் சொன்னேன்ல?"

"எடுத்தேன்பா. போவ மாட்டேங்குது."

அதற்குள் அத்தை உள்ளே போய் அக்காவின் கன்னத்தை வழித்து அழ ஆரம்பித்திருந்தாள். அப்பா யாரையோ கூப்பிட்டு, அத்தைக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொன்னார்.

காரணம் அடுத்த வருஷம்தான் தெரிந்தது. வரிசையாகப் பார்த்துவரும்போதே ஒரு பெயரை நீக்கினால், அடுத்த பெயர் அந்தக் காலி இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் அதைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடுகிறது. டீச்சர் சொன்ன அன்று சாயங்காலமே வீட்டுக்கு ஓடி, அத்தை தப்பித்த விதத்தை அம்மாவுக்கு விளக்கினேன்.

"எடுக்கச் சொன்னப்ப நானும் பக்கத்துலதானடி இருந்தேன்" என்றாள்.

அப்படியானால் தப்பென்று தெரிந்திருக்குமே, அத்தை வீட்டுக்கு ஏன் போனாய் என்று கேட்டேன். சோறு வடிக்க எழுந்து போனாள். நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்து, பின்னாலேயே போய் முதலிலிருந்து மறுபடியும் விளக்க ஆரம்பித்தேன்.