காவல் வேண்டாத பெட்டி

எனக்கு வயது எழுபத்தெட்டு, பெற்றது ஐந்து, தங்கை பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஆனாலும் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறையில் சித்திரை வெயில் பாவாடையைத் தாண்டிச் சுட்ட சூட்டை உடம்பு மறக்கவில்லை. உப்புப் போட்ட மாங்காய்க் கீற்றுகளைப் பழைய புடவையில் பரப்பி, "வத்தல் காவல்" என்று என்னைத்தான் உட்கார வைப்பார்கள். அண்ணன் பள்ளிக்கூடம் போவான். மூன்றாம் வகுப்பு முழுப் பரீட்சையும் மாங்காய்ப் பருவமும் சேர்ந்து வந்த வருஷம், "பரீட்சை எழுதி கலெக்டராவா ஆகப் போற? காக்காயப் பாரு" என்றாள் அம்மா. பார்த்தேன். அதோடு என் படிப்பு முடிந்தது. அம்மாவைக் குறை சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

அமெரிக்காவில், மில்பிடாஸ் ஊரில், மகன் வீட்டுக் கொல்லையில் ஓர் அத்திமரம். போன கோடையில் பழங்களை அரிந்து வெயிலில் பரப்பினேன், அணில்கள் வந்தன. படித்துக்கொண்டிருந்த பேத்தி மீனுவை, "இங்க வந்து அணில ஓட்டுடி" என்று கூப்பிட்டேன். "ஓகே பாட்டி" என்று அவள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும்தான் எனக்கு உறைத்தது. என் வாயிலிருந்து வந்தது அம்மாவின் பேச்சு. "நீ போய்ப் படி" என்று அவளை அனுப்பிவிட்டுப் பழத்தட்டுகளை எடுத்துவிட்டேன்.

"பழம் காயவைக்கிற மெஷின் ஆர்டர் பண்ணா நாளைக்கே வந்துடும்மா" என்றான் மகன். வேண்டாம் என்றேன், தப்பு நான் செய்தது, சரிசெய்வதும் நானே. கராஜில் கிடந்த மர அலமாரிக்குள் கேக் ஆறவைக்கும் கம்பித் தட்டுகளை அடுக்கினேன். இந்த ஊர் பல்புகள் வெளிச்சம் தரும், சூடு தராது. அதனால் இங்கே பல்லியைச் செல்லமாக வளர்ப்பவர்கள் வாங்கும் சூடான பல்பை அடியில் மாட்டி, பக்கத்தில் ஒரு சின்ன ஃபேன் வைத்தேன். கைப்பழக்கத்தில் இட்லிப் பானை மாதிரி இறுக்கி மூடிவிட்டேன். முதல் ஈடு காயாமல் அவிந்து போனது. "அத்தை, அத்திப்பழ இட்லி சூப்பர்" என்று மருமகள் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று மேலே ஆறு ஓட்டை போட்டேன். ஈரம் வெளியேறி, இரண்டு நாளில் பழம் தோல்போல் வளைந்தது. யாரும் காவல் இருக்கவில்லை.

ஊரில் அந்தப் பாறையையும் உடைத்துச் சமையல்மேடைக் கல்லாக ஏற்றுமதி செய்துவிட்டார்களாம். போகட்டும், அதற்காக நான் அழப் போவதில்லை. என் கண்முன்னே இனி எந்தப் பெண்பிள்ளையும் பழம் காய்வதற்காகப் படிப்பை நிறுத்த மாட்டாள்.

எழுத்துக் கூட்டி எழுதியதில் பிழை இருக்கும். மீனு, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாயே, இதை எனக்கு உரக்க வாசித்துக் காட்டு. நீ படிப்பதை முடித்துவிட்டு வா, நான் காத்திருக்கிறேன்.