சாணி எறிந்த சுவர்

பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஈர நெடி மூக்கில் ஏறியதும் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரிக்கரையோரம், இப்போது தொழிற்சாலை லாரிகள் நிற்குமிடத்தில், அறுபதுகளில் ஒரு கீற்றுக் கொட்டகை ஜெப வீடாக இருந்தது. வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளாகியிருந்த என் அம்மா சனிக்கிழமைதோறும் நைந்த தேங்காய் மட்டையால் அதன் மண்சுவருக்குச் சரக்சரக்கென்று சுண்ணாம்பு அடிப்பாள், ஊர்ச்சாமியை விட்டுப் போனாளே என்ற ஆத்திரத்தில் எங்கள் எதிர்வீட்டு முனியம்மா ஞாயிறு விடிவதற்குள் அதில் சாணியை வீசியிருப்பாள், அம்மா துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுவாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் மொண்டு கொடுப்பேன்.

ஒரு கோடையில் ஊர்க் கிணறுகள் வற்றி, ஜெப வீட்டுக் கிணற்றில் மட்டும் தண்ணீர் நின்றது. முனியம்மா குடத்தோடு வந்தாள். நான் வழியை மறித்தேன்.

"இன்னாத்துக்கு இங்க வந்த? போ, சாணியக் கரைச்சிக் குடி!"

அம்மா என்னை விலக்கிவிட்டு, குடத்தை வாங்கி நிரப்பி, அவள் இடுப்பில் ஏற்றிவிட்டாள். முனியம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அந்த ஞாயிறும் சுவரில் சாணி இருந்தது.

"உனக்கு ரோஷமே இல்லியாம்மா? அவள அவ்ளோ புடிக்குதா?" என்று கத்தினேன்.

அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"புடிக்கலடி. அவ மூஞ்சப் பாத்தாலே வயிறு எரியுது. அதுக்குத்தான் தெனம் ஜெபத்துல முட்டி போட்டுக்கினு கெடக்கறேன்."